கதவோரப் பை

வால்பாறைக்குக் கிளம்ப இருந்த காலையில் கதிர்வேலுக்கு வயிறு வலித்தது.

அவருக்குப் பல வருடங்களாகக் கணைய நோய். ஒருமுறை சாதாரண வலி என்று பொறுத்துக்கொண்டதில் உள்ளே சீழ் பிடித்து, பிழைத்ததே பெரிய விஷயம். அதிலிருந்து கதவோரம் ஒரு பை தயாராகவே இருக்கும். போர்வை, பிளாஸ்க், மாற்றுத்துணி. வலி என்றதும் மனைவி சௌமியா அதைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடுவாள். வால்பாறைப் பயணம் ஒவ்வொரு முறையும் அப்படித்தான் நின்றுபோனது.

இப்போது சமையலறைச் சுவரில் புதிய கருவி இருந்தது. சௌமியா அவர் விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து அதில் வைத்தாள்.

"ரொம்ப வலிக்குதுங்களா?"

"பயப்படாத கண்ணு. பஸ் டிக்கெட்ட மட்டும் கேன்சல் பண்ணீரு."

கருவியில் விளக்கு எரிந்தது; அது பேசியது. "கணையத்தில் புதிய சிக்கல் இல்லை. நோய்த்தொற்று இல்லை. சர்க்கரை சீராக உள்ளது. நேற்று எண்ணெய்ப் பலகாரம் அதிகம். செரிமான மாத்திரை போடவில்லை."

சௌமியா மெதுவாகத் திரும்பினாள்.

"எத்தன பஜ்ஜிங்க?"

"ரெண்டு."

கருவியின் விளக்கு மறுபடி எரிந்தது.

"ஆறு" என்றார் அவசரமாக.

சௌமியா திட்ட ஆரம்பித்தாள். திட்டிக்கொண்டே மாத்திரை கொடுத்தாள். திட்டிக்கொண்டே பையிலிருந்த போர்வையை எடுத்துப் போட்டுவிட்டு ஸ்வெட்டரை வைத்தாள். இத்தனை வருடத்தில் அவருக்கு வலி வந்து அவள் திட்டியது இதுவே முதல் தடவை. எப்போதும் அழத்தான் செய்வாள்.

கதிர்வேல் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சொன்னார்.

"இன்னுங் கொஞ்சம் திட்டு கண்ணு. பஸ்ஸுக்கு நேரமிருக்குது."