மாடியில் மஞ்சள் கொடி

செம்பருந்து கிளப் மூன்று கோல் போட்டுக் கோப்பையை வென்றது. வென்றவர்கள் எதிரணிக் கொடி பறக்கும் வீடுகளின் முன்னால் நின்று, கட்டியவரே அதை இறக்கும்வரை வெடி போட்டுக் கேலி செய்வது அந்தக் கடற்கரை ஊரின் வழக்கம். ஜெறினும் செம்பருந்து ரசிகன்தான். ஆனால் அவன் வீட்டு மாடியில் பறந்தது, போன மாதம் இறந்துபோன மனைவி அஜிதா கட்டிய எதிரணியின் மஞ்சள் கொடி. கூட்டம் அவன் வாசலில் மேளத்தை நிறுத்தி, தலைகுனிந்து நகர்ந்தது.

“நில்லுங்கடே! அவள ஏசாம ஒரு வருசம் போயிருக்கியளா? இப்ப வாயில என்ன, கொழுக்கட்டையா?” என்று மறித்தான் ஜெறின்.

“வேண்டாம் மக்கா, உள்ள போ,” என்றான் கூட்டாளி சூசை.

ஜெறின் அவன் கையிலிருந்த சரவெடியைப் பிடுங்கித் தன் வாசலிலேயே கொளுத்தினான். புகைக்கு நடுவே அண்ணாந்து, “ஏட்டி, தோத்தாச்சுல்லா, எறக்கு!” என்று கத்தினான். கூட்டமும் மாடியைப் பார்த்தது.