இருபத்திமூன்றாவது எழுத்து

விசாலாக்ஷி இறந்து பதினோரு நாள் ஆகியிருந்தது. பன்னிரண்டாம் நாள் காலை, மயிலாப்பூரிலிருந்து ஆட்டோ பிடித்து, தேனாம்பேட்டை இன்ஷூரன்ஸ் அலுவலகத்துக்கு அவளே நேரில் வந்துவிட்டாள்.

கூடவே கணவர் அனந்தராமன். "நீ மட்டும் போயிட்டு வாயேன்" என்று மழுப்பியவரை இழுத்துக்கொண்டு வந்திருந்தாள்.

"நாளைக்கு எனக்குக் கண் ஆபரேஷன். உங்க பாலிசியைத் தட்டினா, பேஷண்ட் உயிரோட இல்லைன்னு ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டர் சொல்றதாம். நான் எப்போம்மா போனேன்?"

கம்ப்யூட்டர் பிரிவு அதிகாரி மெஹக் திரையைப் பார்த்தாள். "பதினோரு நாள் முன்னாடி பேரை மாத்தினீங்களா மேடம்?"

"ஆமா. ஆதார்ல இருக்கறபடி விசாலாக்ஷி அனந்தராமன்னு முழுசாக் குடுத்தேன்."

"அதான் வம்பு. எங்களோடது ரொம்பப் பழைய மெயின்ஃபிரேம் கம்ப்யூட்டர். ஒரு ஆளோட மொத்த விவரத்துக்கும் எண்பது கட்டம்தான். அதுல பேருக்கு இருபத்திரெண்டு. இங்கிலீஷ்ல உங்க பேரு, நடுவுல விடற இடத்தையும் சேர்த்து, இருபத்திமூணு எழுத்து. கடைசி N பக்கத்துக் கட்டத்துல விழுந்துடுச்சு."

"விழுந்தா விழட்டுமே!"

"அது 'உயிரோட இருக்காரா'ங்கிற கட்டம் மேடம். Y-னா ஆமா. N-னா இல்ல."

விசாலாக்ஷி கணவரை முறைத்தாள். "உங்க பேரோட வால்தான் என்னைக் கொன்னிருக்கு!"

"ஒரு கட்டம் கூட்டிப் போட்டுடேன்மா" என்றார் அவர் மெதுவாக.

"ஐயோ சார், நாப்பது லட்சம் பேரும் ஒரு கட்டம் நகரணும். யார் பொழைப்பாங்க, யார் போவாங்கன்னு சொல்ல முடியாது. உங்க பேர்லேர்ந்து ஒரு H-ஐ எடுத்துடட்டுமா?"

"தாராளமா எடு" என்றாள் விசாலாக்ஷி.

மெஹக் எடுத்தாள். காலியான கட்டத்தில் Y போட்டாள். "மேடம், உயிர் வந்துடுச்சு. நாளைக்கு ஆபரேஷன் பண்ணிக்கலாம்."

நெஞ்சில் கைவைத்துப் பெருமூச்சு விட்டாள் விசாலாக்ஷி. உடனே கோபமும் வந்தது. "பேருக்கு இருபத்திரெண்டு போதும்னு எந்தப் பிரகஸ்பதி முடிவு பண்ணினான்?"

"எண்பத்திமூணாம் வருஷம் யாரோ எழுதின புரோகிராம் மேடம்."

"பாவம், அப்போல்லாம் ஒவ்வொரு கட்டத்துக்கும் பஞ்சம்" என்றார் அனந்தராமன், சுவர்க் காலண்டரைப் பார்த்தபடி.

"நீங்க எதுக்கு வக்காலத்து வாங்கறேள்? பொண்டாட்டி பேரோட புருஷன் பேரும் சேருமேன்னு அந்த அசட்டுக்குத் தோணவே இல்லையா?"

அனந்தராமன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அதை நான் எழுதறச்சே எனக்குக் கல்யாணமே ஆகலையேடி!"