ஏரிக்கரை விளக்கைப் பற்றிய கட்டுரை

காட்டுக் கல்லூரியில் படித்த முள்ளம்பன்றி, ஏரிக்கரை விளக்கை அணைத்துவிட வேண்டும் என்று ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதியது. அந்த வெளிச்சத்தில் மின்மினிகளால் தம் இணையைக் கண்டுபிடிக்க முடியவில்லை. வருஷா வருஷம் அவை குறைந்துகொண்டே வந்தன. மறுநாள் எல்லோர் முன்னிலையிலும் கட்டுரையை வாசிக்க வேண்டும். அதற்கு முன் வகுப்புத் தோழி ஆமையிடம் படித்துப் பார்க்கக் கொடுத்தது.

நிதானமாகப் படித்துக்கொண்டு வந்த ஆமை ஒரு வரியில் நின்றுவிட்டது.

"விளக்கு வேணும்னு சொல்றவங்க முட்டாள்கள்னு எழுதியிருக்கியே."

"இருக்கிறதிலேயே நல்ல வரி அதுதான்," என்றது முள்ளம்பன்றி.

"எங்கம்மாவுக்கு அந்த விளக்கு வேணும். அவங்களுக்குக் கண் சரியாத் தெரியாது. விளக்கு வர்றதுக்கு முன்னாடி ஒருதடவை பள்ளத்துல விழுந்து, விடியற வரைக்கும் மல்லாந்தே கிடந்தாங்க."

முள்ளம்பன்றியின் முட்கள் மெல்லப் படிந்தன. பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தது.

"உங்கம்மாவை நான் பார்க்கலாமா?" என்று கேட்டது.

அன்று மாலை முள்ளம்பன்றி அம்மா ஆமையின் பக்கத்திலேயே தண்ணீர்வரை நடந்துபோய்த் திரும்பியது. பிறகு உட்கார்ந்து பாதிக் கட்டுரையை மாற்றி எழுதியது. அம்மா விழுந்த கதையை முதலில் வைத்து, அதற்கப்புறம்தான் மின்மினிகளைப் பற்றிச் சொன்னது. விளக்கை அணைக்க வேண்டாம், வெளிச்சம் பாதையில் மட்டும் விழும்படி மேலே ஒரு மூடி போட்டால் போதும் என்று முடித்தது.

மறுநாள் எல்லோர் முன்னிலையிலும் வாசித்து முடித்தது. முன்வரிசையில் இருந்த அம்மா ஆமைதான் முதலில் கழுத்தை நீட்டியது.

"மூடியை எப்போப்பா போடுவீங்க? மின்மினிங்க பாவம்."