இடுப்பில் கை வைத்தவர்

"இந்த ஆளை எடுத்துடுங்க. வேரோட."

பல் டாக்டரம்மா சொன்ன தோரணையில், ஸ்டுடியோக்காரர் தன்னையறியாமல் தன் தாடையைத் தடவிக்கொண்டார்.

கம்ப்யூட்டர் திரையில் ஒரு டீசல் எஞ்சின். கரி வண்டிகள் புகை கக்கிக்கொண்டிருந்த காலத்தில், பயணிகள் ரயிலை இழுக்கப் புதிதாக வந்து இறங்கியது. உருண்டை மூக்கு, அதன் நடுவில் ஒற்றை விளக்கு. மூக்கின் இடப்பக்கத்தை மறைத்தபடி, கோட்டுப் போட்டு, நெஞ்சை நிமிர்த்தி, இடுப்பில் ஒரு கை வைத்து நிற்கிறார் ஒருவர்.

"யார் டாக்டர் இவர்?"

"எங்க அப்பா."

ஸ்டுடியோக்காரர் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

டாக்டருக்குக் காரணம் சொல்வதில் சலிப்பே கிடையாது. வாயைத் திறந்து வைத்துக்கொண்டு பதில் பேச முடியாமல் கிடப்பவர்களோடு முப்பது வருஷம் விவாதம் செய்து, எல்லாவற்றிலும் ஜெயித்தவர். அப்பா எஞ்சின் ஷெட்டில் ஃபோர்மேன். புது எஞ்சின் எப்படி இருக்கிறது என்று தலைமை அலுவலகத்துக்கு மாதம் ஒரு படம் அனுப்ப வேண்டும் என்பது அந்த நாள் உத்தரவு. பத்தொன்பது மாதம், பத்தொன்பது படம். பத்தொன்பதிலும் அதே இடம், அதே கோட்டு, அதே கை. ஷெட்டில் அவருக்கு 'மாப்பிள்ளை' என்றே பெயர் விழுந்துவிட்டதாம்.

இப்போது ரயில் அருங்காட்சியகம் அந்த எஞ்சினுக்கு வர்ணம் அடித்து வாசலில் நிறுத்தப் போகிறது. பக்கத்தில் சுவர் அளவுக்கு ஒரு பழைய படமும் வைக்க வேண்டுமாம். அந்தப் படங்கள் டாக்டர் வீட்டுப் பெட்டியில் மட்டும்தான் மிஞ்சியிருந்தன.

"எஞ்சினைப் பார்க்க வர்றவங்க எதுக்கு இவரைப் பார்க்கணும்? அதுவும்..." டாக்டரின் குரல் கொஞ்சம் இறங்கியது. "எங்களோட ஒரு படம்கூட எடுத்துக்கிட்டதில்லை. அம்மா கூப்பிட்டா, குழாய் சொட்டுதுன்னு எழுந்து போயிடுவார். என் கல்யாண ஆல்பத்துல அவரோட முதுகு இருக்கு, ஒரு காது இருக்கு. இங்க பாருங்க, மாசாமாசம் போஸ்."

அறையின் மூலையில் ஒரு பெரியவர் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த எஞ்சினின் முதல் டிரைவர் அவர்தான். வயது எண்பத்தாறு. எந்தப் படம் எந்த மாதம் எடுத்தது என்று குறித்துக் கொடுக்க அருங்காட்சியகம் அவரை அனுப்பியிருந்தது. ஃபோர்மேன் பாட்டுக்கு இருந்துவிட்டுப் போகட்டுமே என்று அவர் மெல்ல இழுத்தார்.

டாக்டர் விடுவாரா? அந்த வெயிலில் கோட்டு எதற்கு என்று மடக்கினார். அது ஃபோர்மேனின் கோட்டே இல்லை, ஸ்டேஷன் மாஸ்டரிடம் இரவல் வாங்கியது, அவருக்கு இரண்டு சுற்றுப் பெரிசு என்றார் டிரைவர். இரவல் வாங்கியா பகட்டு என்று டாக்டருக்கு இன்னும் ஏறிவிட்டது.

"எஞ்சினைத்தான் படம் கேட்டோம், ஃபோர்மேனை இல்லைன்னு தலைமை அலுவலகம்கூட ஒரு கடுதாசி போட்டுதும்மா."

"பார்த்தீங்களா. அதுக்கு என்ன பதில் எழுதினார்?"

"எஞ்சின் எவ்வளவு உயரம்னு புரியணும்னா பக்கத்துல ஒரு ஆள் நிக்கணும்னு எழுதினார்."

ஸ்டுடியோக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டாக்டரின் முகத்தைப் பார்த்ததும் அதை இருமலாக மாற்றிக்கொண்டார்.

"சரி ஐயா, இடுப்புல கை எதுக்கு? அதுவும் உயரத்தைக் காட்டவா?"

டிரைவர் எழுந்து வந்து, திரையில் அந்த முழங்கைமேல் விரலை வைத்தார்.

"கோட்டு மட்டும் போதலைம்மா. ஓரம் வெளியே தெரிஞ்சுது. அதான் முழங்கையை நீட்டிக்கிட்டார்."

"என்ன ஓரம்?"

"மூக்குல விழுந்த பள்ளத்தோட ஓரம். எஞ்சின் வந்த முதல் வாரமே நான் அதை ஷெட் தூண்ல கொண்டுபோய் இடிச்சுட்டேன். கரி வண்டிக்குப் பழகின கை. அப்ப எனக்கு வேலை நிரந்தரமாகலை, வீட்ல சாப்பிட ஆறு பேர். படத்துல பள்ளம் தெரிஞ்சா அன்னிக்கே என்னை வேலையை விட்டு அனுப்பிடுவாங்க. பட்டறைக்குப் போய் அதைத் தட்டிச் சரிபண்ற வரைக்கும், பத்தொன்பது மாசம் உங்க அப்பா முன்னாடி நின்னார்."

படம் எடுக்கிற நாளில் ஃபோர்மேனுக்குக் காலையிலிருந்தே சோறு இறங்காதாம். கேமராவைக் கண்டால் அப்படி ஒரு கூச்சம். எடுத்தாச்சா, எடுத்தாச்சா என்று உதடு அசையாமல் கேட்டுக்கொண்டே நிற்பாராம்.

"மாப்பிள்ளைன்னு பேர் வச்சதே நான்தான்மா. யாருக்கும் சந்தேகம் வரக்கூடாதுன்னு அவரே வைக்கச் சொன்னார். நீ வேலையில இருக்கிற வரைக்கும் நான் வீட்லகூட மூச்சு விடமாட்டேன், நீயும் விடாதேன்னார். நான் ரிட்டயர் ஆகறதுக்குள்ள அவர் போயிட்டார்."

டாக்டர் நாற்காலியைத் திரைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

ஸ்டுடியோக்காரர் தொண்டையைச் செருமினார். "அப்ப இவரை எடுக்கவா, வேண்டாமா?"

"எடுத்துடாதீங்க தம்பி," என்று டிரைவர் முந்திக்கொண்டார். "அவர் நகர்ந்தா இப்பவும் என் வேலை போயிடும்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, திரைக்கு வெகு அருகே குனிந்தார்.

"அசையாம நில்லுங்கப்பா," என்றார்.