லோரிக்குக் கட்டிய மாலை

நூல் வரமாட்டேன் என்கிறது. லோரியின் முகப்புக் கம்பிகளுக்குள் விரலை விட்டு, புது மின்விசிறியின் அச்சில் இறுகச் சுற்றியிருப்பதை நகத்தால் அறுக்கிறேன். ரேடியேட்டர் சீறுகிறது, ஆவியில் என் மூக்குக்கண்ணாடி மங்குகிறது. சிம்பாங் பூலாய் குன்றுகள் வெயிலில் வெளுத்து நிற்க, கல் ஏற்றிய லோரி சாலையோரம் அசையாமல் கிடக்கிறது. காலையில் பூஜை முடிந்ததும் சாமந்தி மாலையை இந்தக் கம்பியில் கட்டியது நான்தான். நேர் பின்னால், ரேடியேட்டருக்கு முன்னாலேயே விசிறி சுற்றும், மாலையை உள்ளே இழுக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. விசிறி நின்று, இன்ஜின் கொதித்துவிட்டது.

"இன்ஜின்லயே சுத்துன காத்தாடிய கழட்டிட்டு கரண்டு காத்தாடி போட்டியேலா, பெரிய இஞ்சினியரு! இனிமே நம்ம புந்தோங்ல எவன் லோரியயும் தொடாத!" அப்பா கத்துகிறார். அதை நேற்றுப் பொருத்தி, இன்று ஓட்டம் பார்க்கக் கூடவே வந்த மெக்கானிக் ஆம்புரோஸ் அண்ணன் கையைத் துணியில் துடைக்கிறார். கை எப்போதோ சுத்தமாகிவிட்டது, இன்னும் துடைக்கிறார். நூல் அறுகிறது. கசங்கிய பூவோடு அதை யாரும் பார்க்குமுன் பாவாடைப் பைக்குள் திணிக்கிறேன். அவர் என்னருகே வந்து குனிந்து, அப்பாவுக்குக் கேட்காமல் கேட்கிறார்:

"நேத்து டார்ச் பிடிச்சிக்கிட்டு பக்கத்துலயே நின்னியேம்மா. நான் எங்க தப்பு பண்ணேன்?"