சத்தம் கேட்காத தொட்டில்

கைக்குழந்தையோடு வருபவர்களுக்கு அந்த விமானத்தில் தனி கவனிப்பு உண்டு. முதல் வரிசையில் இடம், அதோடு சத்தம் வெளியே கேட்காத கண்ணாடித் தொட்டில். மஸ்கட்டிலிருந்து திருச்சிக்கு வந்த மெர்லின், பத்து மாத மகள் ஷைனியை அதில் படுக்கவைத்துவிட்டுத் தூங்கிப்போனாள். விழித்துப் பார்த்தபோது கண்ணாடிக்குள்ளே குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. முகம் கன்றிப்போயிருந்தது. எவ்வளவு நேரமாக அழுகிறாள் என்று பக்கத்தில் இருந்தவருக்கும் தெரியவில்லை.

அதன்பிறகு ஷைனி சத்தம் போட்டு அழவே இல்லை. பசித்தாலும் விழுந்தாலும் வாய் திறக்கும், கண்ணீர் வழியும், அவ்வளவுதான்.

"தொண்டையில ஒரு குறையும் இல்லம்மா," என்றார் டாக்டர். "அழுதாலும் யாரும் வரமாட்டாங்கன்னு பாப்பா நினைச்சுக்கிட்டா."

மெர்லின் சமைக்கும்போது நொடிக்கொரு தரம் திரும்பிப் பார்த்தாள். குளிக்கப் போனாலும் கதவைச் சாத்துவதில்லை.

திரும்பிப் போக டிக்கெட் போட்ட அன்று விமான நிறுவனத்துப் பெண் போனில் பேசினாள்.

"போன தடவை உங்க பாப்பா சத்தமே போடலை மேடம். இந்தத் தடவையும் முதல் வரிசைதான் கொடுத்திருக்கோம்."

மெர்லின் போனை வைத்தாள். மகளை மடியில் இருத்தி, "இப்படிம்மா கண்ணு, இப்படி அழணும்," என்று ஓவென்று வாய்விட்டு அழுதாள்.

ஷைனி பயந்துபோய், அம்மாவின் வாயைச் சின்னக் கையால் பொத்தினாள்.