ஒற்றைக்கண் முயல்

கம்பத்தில் ஒட்டியிருந்த தாளில் ஒரு பொம்மை முயலின் படம் இருந்தது.

அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கிட்டே போனார்.

அதே முயல்தான். அதே பழுப்பு நிறம். அதே நைந்த காது. படத்தில் அதற்கு ஒரு கண்தான் இருந்தது.

வீட்டில் இருக்கும் முயலுக்கு இப்போது இரண்டு கண்.

மகளின் பிரசவத்துக்காக மனைவியோடு பெர்லினுக்கு வந்து ஐந்து வாரம் ஆகிறது. இந்த ஊரைப் பற்றி அவர் கற்ற முதல் பாடம் மகள் பூரணி சொன்னது. வேண்டாத சாமானை ஜனங்கள் அட்டைப்பெட்டியில் போட்டு வாசலில் வைப்பார்கள், யாரும் எடுத்துக்கொள்ளலாம். அன்றோடு அவருடைய காலை நடை வேட்டையாகிவிட்டது. ஒரு முக்காலி, இரண்டு பீங்கான் கிண்ணம், கைப்பிடி இல்லாத ஒரு வாணலி. மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

போன செவ்வாய்க்கிழமை, பூங்கா வேலியின் மேல் இந்த முயல் உட்கார்ந்திருந்தது. விழுந்துவிடாதபடி யாரோ அதன் காதைக் கம்பியில் செருகியிருந்தார்கள்.

புதிதாகப் பிறந்திருக்கும் பேத்திக்கு ஆகும் என்று எடுத்துவந்தார்.

அதில் புளித்த பால் வாடை அடித்தது. பச்சைப்பிள்ளை வாயில் வைக்கிற பொருள். சுடுநீரில் சோப்புத்தூள் போட்டு ஊறவைத்து, மூன்று தண்ணீர் மாற்றி அலசினார். பழைய சட்டையிலிருந்து ஒரு பித்தானைப் பிய்த்து இன்னொரு கண் தைத்தார். அன்று முழுக்க அவருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

இத்தனை நாளும் அந்தக் கம்பத்தைத் தாண்டித்தான் போய்வந்தார். வீடு வாடகைக்கு என்று போட்டிருப்பார்கள் என நினைத்திருந்தார்.

தாளைப் போனில் படமெடுத்துக்கொண்டு போய் மகளிடம் காட்டினார்.

"பெட்டில இருந்தாத்தான் எடுக்கலாம்ப்பா. வேலில இருந்தா அது தொலைஞ்சது. கீழ கிடக்கறத யாராவது எடுத்து மாட்டி வைப்பாங்க, தேடி வாறவங்க கண்ணுல படட்டும்னு."

"என்ன எழுதியிருக்கு?"

பூரணி படத்தைப் பெரிதாக்கிப் படித்தாள்.

"இது இல்லாம எங்க பிள்ளை தூங்க மாட்டேங்காள்னு."

ஏழு நாள்.

அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு குழந்தையின் தூக்கத்தை எடுத்துவந்து சோப்புப் போட்டிருக்கிறோம் என்று நினைக்க நினைக்க மனசு அறுத்தது. யாருக்கும் தெரியாமல் வேலியிலேயே மாட்டிவிட்டு வந்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காக இன்னும் கூனிக்குறுகிப் போனார்.

"போன் போடும்மா. நானே கையில குடுக்கேன்."

மாலை நான்கு மணிக்குக் கம்பத்தடியில் வந்து நின்றார்கள். ஓர் இளம் தாய். மஞ்சள் மழைக்கோட்டில் மூன்று வயதுச் சிறுமி.

பூரணி நடந்ததைச் சொன்னாள். அந்தப் பெண் கோபிப்பாள் என்று எதிர்பார்த்து அவர் தலையைக் குனிந்திருந்தார். அவளோ அவர் கையைப் பிடித்து நன்றி மேல் நன்றியாகச் சொன்னாள். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. கையோடு கம்பத்திலிருந்த தாளையும் உரித்து எடுத்துக்கொண்டாள்.

சிறுமி முயலை வாங்கினாள். முகத்தில் வைத்து மோந்தாள்.

இன்னொரு முறை மோந்தாள்.

புதுக் கண்ணை விரலால் தடவினாள்.

பிறகு மெதுவாக ஏதோ சொல்லி, முயலை அவரிடமே நீட்டினாள். அழுகை இல்லை. அடுத்தவர் சாமானைத் திருப்பிக் கொடுக்கிற பதவிசு.

அவர் மகளைப் பார்த்தார். மகள் தரையைப் பார்த்தாள்.

"இது அவ முயல் இல்லையாம்ப்பா."

தாய் குனிந்து என்னென்னவோ சொல்லிப் பார்த்தாள். சிறுமி காதில் வாங்கவில்லை. தாயின் கையிலிருந்த தாளைப் பிடுங்கிக்கொண்டு கம்பத்துக்குப் போனாள். நுனிக்காலில் நின்று, எட்டிய உயரத்தில் வைத்து அழுத்தினாள்.

பசை போயிருந்தது. மேல் மூலை மடங்கி மடங்கி விழுந்தது.

அவர் முயலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, குனிந்து அந்த மூலையைப் பிடித்துக்கொண்டார்.